வீழும் குதிரைவீரன்: கி.பி. 348-இன் ரோம வெண்கலக் காசு வரிசை குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

கி.பி. 348 வாக்கில் ரோமப் பேரரசின் அக்கசாலைகள் எல்லாம் பழைய சில்லறையை நிறுத்திவிட்டுப் புதிய வெண்கலக் காசு அடிக்கத் தொடங்கின. மேற்கே ட்ரியர், லியோன், ஆர்ல். நடுவே ரோம், அக்விலேயா, சிஸ்கியா, தெசலோனிக்கா. கிழக்கே ஹெராக்ளியா, கான்ஸ்டான்டினோபிள், நிகோமீடியா, சைசிகஸ், அந்தியோக்கியா, அலெக்சாண்ட்ரியா. எங்கே அடித்தாலும் பின்பக்கத்தில் ஒரே வாசகம்தான்: ‘ஃபெல் டெம்ப் ரெபாராட்டியோ’. சுருக்கத்தை விரித்தால் ‘நற்காலங்களின் மீட்சி’ என்று பொருள்.

வாசகம் ஒன்று, படங்கள் ஐந்து. கப்பலில் நிற்கும் பேரரசர், குடிசையிலிருந்து ஒருவனைக் கைப்பிடித்து அழைத்துவரும் வீரன், ஃபீனிக்ஸ் பறவை, பேரரசரின் முன் இரு கைதிகள், குதிரையிலிருந்து சரியும் எதிரியை ஈட்டியால் குத்தும் ரோமக் காலாள். ஓரிரு ஆண்டுகளிலேயே முதல் நான்கும் மங்கிப்போயின. கடைசிப் படம் மட்டும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஓடியது. நல்ல காலம் திரும்பிவிட்டது என்று அறிவிக்க வந்த காசு, ஒருவன் இன்னொருவனைக் கொல்லும் காட்சியாகச் சுருங்கியது எப்படி என்பதுதான் இங்கே ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி.

பின்னணி

முதலாம் கான்ஸ்டன்டைன் 337 மே மாதம் இறந்தார். மகன்கள் மூவர்: இரண்டாம் கான்ஸ்டன்டைன், இரண்டாம் கான்ஸ்டன்டியஸ், கான்ஸ்டன்ஸ். பெயர் சூட்டுவதில் அந்தக் குடும்பம் காட்டிய சிக்கனத்துக்கு நாணயம் சேகரிப்பவர்கள் இன்றுவரை விலை கொடுக்கிறார்கள். நான்கு எழுத்து தேய்ந்துவிட்டால் முகம் யாருடையது என்பதே வழக்காகிவிடும். 340-இல் மூத்தவர் தம்பியின் நிலத்தின்மேல் படையெடுத்து அக்விலேயா அருகே மடிந்தார். அதன்பின் மேற்கு கான்ஸ்டன்ஸிடமும் கிழக்கு கான்ஸ்டன்டியஸிடமும் இருந்தன.

அப்போது புழக்கத்தில் இருந்த வெண்கலக் காசு பரிதாபமான நிலையில் இருந்தது. ‘படையின் புகழ்’ என்ற வாசகத்தோடு வந்த காசில் முதலில் இரண்டு வீரர்கள், நடுவில் இரண்டு படைக்கொடிகள். காசின் எடை குறைந்து வட்டம் சிறுத்தபோது இரண்டு கொடிகளுக்கு இடம் போதவில்லை, ஒன்றாக்கிவிட்டார்கள். நாணய மதிப்பு சரிந்ததைப் படமே ஒப்புக்கொண்ட இடம் அது. 340-களின் நடுவில் சந்தையில் கைமாறிய காசு ஒன்றரை கிராமை ஒட்டியது.

348-இன் சீர்திருத்தம் இதற்கான மருந்து. மூன்று அளவுகளில் காசு வந்தது. பெரியது ஐந்து கிராமுக்குச் சற்று மேல், நடுத்தரமானது நான்கு கிராமுக்கு மேல், சிறியது இரண்டரை கிராம் அளவு. பெரிய காசில் இரண்டு மூன்று விழுக்காடு வெள்ளி கலந்திருந்தது, நடுக்காசில் அதைவிடக் குறைவு, சிறியதில் பெயருக்குக்கூட இல்லை. அளவு அருகருகே இருந்ததால் தலையைக் கொண்டும் வேறுபாடு காட்டினார்கள். பெரிய காசில் பேரரசர் வலப்பக்கம் பார்ப்பார். குடிசைப் படம் வந்த நடுக்காசில் இடப்பக்கம் திரும்பி, கையில் ஓர் உலக உருண்டையை ஏந்தியிருப்பார். எழுதப் படிக்கத் தெரியாத காய்கறிக்காரியும் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிய அது போதும்.

கலந்த வெள்ளி சொற்பம். ஆனாலும் அதற்கு ஆள் இருந்தது. 349 பிப்ரவரியில் பிறந்த ஒரு சட்டம் ‘மயோரினா’ என்ற காசை உருக்கி வெண்கலத்திலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்கும் உலைக்காரர்களைக் கண்டிக்கிறது. பிடிபட்டால் மரண தண்டனை என்கிறது. காசு வெளிவந்து ஓராண்டுக்குள் இப்படியொரு சட்டம் தேவைப்பட்டதென்றால், மக்கள் அந்தக் காசைக் கண்டு மகிழ்ந்தார்களோ இல்லையோ, அதன் உள்ளடக்கத்தை நன்றாகவே எடைபோட்டிருந்தார்கள் என்று தெரிகிறது.

ஏன் அந்த ஆண்டு?

வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஆண்டுவிழா. ரோம் நகரம் கி.மு. 753-இல் நிறுவப்பட்டது என்பது மரபுக் கணக்கு. அதன்படி கி.பி. 348 நகரத்தின் 1,100-ஆவது ஆண்டு. நூற்றாண்டு திரும்பும்போது விழா எடுப்பது ரோமருக்குப் பழக்கம். 47-இல் கிளாடியஸ் 800-ஆவது ஆண்டைக் கொண்டாடினார். 248-இல் ‘அராபியர்’ பிலிப் ஆயிரமாவது ஆண்டுக்கு விளையாட்டு நடத்தி, காட்சிக்கு வந்த சிங்கத்தையும் நீர்யானையையும்கூடக் காசில் பொறித்தார்.

ஆனால் அதே காலத்தில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் ஔரேலியஸ் விக்டர் வேறு சொல்கிறார். ஆயிரமாவது ஆண்டு பிலிப் என்ற பேரரசரின் காலத்தில் வந்தது. தம் நாளில் 1,100-ஆவது ஆண்டும் பிலிப் என்ற பெயருடைய ஒருவர் கான்சல் என்னும் ஓராண்டு உயர்பதவியில் இருந்தபோதே வந்தது. ஆனால் வழக்கமான எந்தச் சடங்கும் இல்லாமல் கழிந்தது, ரோம் நகரத்தின்மேல் அக்கறை அந்த அளவுக்குத் தேய்ந்துவிட்டது என்று அவர் நொந்துகொள்கிறார். 348-இன் கான்சல்களில் ஒருவர் ஃபிளேவியஸ் பிலிப்பஸ்.

ஆக, விழா நடக்கவில்லை. காசு மட்டும் வந்தது. இதை வைத்து ஆண்டுவிழாக் காரணத்தையே தள்ளிவிடலாமா? தள்ள வேண்டியதில்லை என்பது என் கருத்து. இரு பேரரசர்களும் கிறிஸ்தவர்கள். 341-இலேயே பலியிடுதலைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. பழைய தெய்வங்களுக்குப் பலிகொடுத்து நடத்தும் விழாவை அவர்கள் எடுக்க முடியாது. விழாவின் உள்ளத்தை மட்டும், அதாவது புதுப்பிறப்பு, மீட்சி என்ற எண்ணத்தை, பலிபீடம் இல்லாமல் காசில் ஏற்றினார்கள் என்று படித்தால் விக்டரின் புலம்பலும் காசின் வாசகமும் மோதிக்கொள்ளவில்லை.

படங்களை அருகில் வைத்துப் பார்த்தால்

முதலில் கப்பல். பேரரசர் போர்க்கோலத்தில் கப்பலின்மேல் நிற்கிறார். ஒரு கையில் உலக உருண்டை; அதன்மேல் ஃபீனிக்ஸ் அல்லது வெற்றித்தேவதை. மறுகையில் லபாரம் என்னும் படைக்கொடி. அதன் துணியில் கிறிஸ்துவின் பெயரெழுத்துகள் பின்னிய குறி. பின்னால், சுக்கானைப் பிடித்து உட்கார்ந்திருப்பது வெற்றித்தேவதை விக்டோரியா, இறக்கைகளோடு. கிறிஸ்துவின் கொடி ஏறிய கப்பலைப் பழைய ரோமத் தெய்வம் ஓட்டுகிறது! இதில் யாருக்கும் முரண் தெரிந்ததாகத் தெரியவில்லை. 357-இல் கான்ஸ்டன்டியஸ் ரோமுக்கு வந்தபோது செனட் மன்றத்திலிருந்து விக்டோரியாவின் பலிபீடத்தை அகற்றச் செய்தார். பலிபீடம் வழிபாடு, காசில் இருக்கும் உருவமோ பழகிப்போன அணி. அந்த வேறுபாடு அவர்களுக்குத் தெளிவாகவே இருந்தது.

கப்பல் எங்கே போகிறது? 343-இன் குளிர்காலத்தில் கான்ஸ்டன்ஸ் கடல் கடந்து பிரிட்டனுக்குப் போனார். குளிர்காலக் கடற்பயணம் அந்நாளில் துணிச்சலின் உச்சம். ஃபிர்மிகஸ் மாதெர்னஸ் என்ற எழுத்தாளர் அதைச் சொல்லியே பேரரசரைப் புகழ்கிறார். கப்பல் படத்தில் அந்தப் பயணத்தின் நினைவு இருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் கடல் கடக்காத கான்ஸ்டன்டியஸின் காசிலும் அதே கப்பல் உண்டு. அரசு என்னும் கலம், அதைச் செலுத்தும் கை என்ற பொதுப்பொருள் இல்லாவிட்டால் இருவருக்கும் அது பொருந்தியிருக்காது.

குடிசைப் படம்தான் இந்த வரிசையிலேயே விசித்திரமானது. இடப்பக்கம் கோரையோ ஓலையோ வேய்ந்ததுபோன்ற ஒரு குடிசை, அதன்மேல் மரம் கவிந்திருக்கிறது. வாசலிலிருந்து சிறு உருவம் ஒன்று வெளிவருகிறது. அதன் கையைப் பிடித்திருக்கும் வீரன் வலப்பக்கம் நடக்கிறான், ஆனால் தலையைத் திருப்பிப் பின்னே பார்க்கிறான். இன்னொரு கையில் ஈட்டி. சிறு உருவம் குழந்தை அல்ல. ரோமக் கலையில் தாழ்ந்தவரைச் சிறிதாகக் காட்டுவது வழக்கம். கான்ஸ்டன்ஸ் 342-இல் ஃபிராங்குகளோடு உடன்படிக்கை செய்துகொண்டார். வடக்கத்திய மக்களை எல்லைக்குள் கொண்டுவந்து நிலம் கொடுத்துக் குடியமர்த்துவதும், அவர்களிடமிருந்து படைக்கு ஆள் எடுப்பதும் அக்காலத்தின் கொள்கை. படம் அதைத்தான் சொல்கிறது என்ற விளக்கமே பெரிதும் ஏற்கப்படுகிறது. காட்டிலிருந்து நாகரிகத்துக்கு அழைத்துவருகிறோம் என்பது அரசின் பேச்சு. பிடித்த பிடியும் தோளில் ஈட்டியும் இருக்கும்போது அந்த அழைப்பை மறுக்க வழியிருந்ததா என்பது வேறு. இருந்தாலும் எதிரியை மிதிக்காமல், கட்டாமல், கைப்பிடித்து நடத்திச்செல்லும் ஒரு ரோம வீரனைக் காசில் காண்பது அரிது. அதற்காகவே இந்தப் படம் எனக்குப் பிடித்தமானது.

ஃபீனிக்ஸ் சிறுகாசுக்கு ஒதுக்கப்பட்டது. கதிர்கள் சூழ்ந்த தலையோடு பறவை ஓர் உருண்டையின்மேலோ கற்குவியல்போன்ற மேட்டின்மேலோ நிற்கும். தன் சாம்பலிலிருந்து தானே எழும் பறவை என்பதால் மீட்சிக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் கிடையாது. ட்ராஜனின் மறைவுக்குப் பின் ஹேட்ரியன் தம் தங்கக் காசில் இதைப் பொறித்தார். ஆட்சி கைமாறினாலும் அரசு சாகவில்லை என்பது அதன் செய்தி. முதல் நூற்றாண்டின் முடிவிலேயே ரோமின் கிளெமென்ட் இதே பறவையை இறந்தோர் உயிர்த்தெழுவதற்குச் சான்றாகக் காட்டினார். பழைய சமயத்தவரும் புதிய சமயத்தவரும் ஒரே காசில் தத்தம் பொருளைக் கண்டுகொள்ள முடிந்தது. இன்னொரு வேடிக்கை: கிளாடியஸின் 800-ஆவது ஆண்டு விழாவையொட்டி உண்மையான ஃபீனிக்ஸ் என்று ஒரு பறவையைக் கொண்டுவந்து ரோமில் காட்சிக்கு வைத்தார்களாம். அது போலி என்பதில் எவருக்கும் ஐயமில்லை என்று மூத்த பிளினி எழுதிவைத்திருக்கிறார்.

இரு கைதிகள் படம் பழைய சரக்கு. அதைப்பற்றி நீட்ட ஒன்றுமில்லை.

மீதி இருப்பது குதிரைவீரன். தலைக்கவசம் அணிந்த ரோமக் காலாள் இடப்பக்கம் பாய்கிறான். இடக்கையில் கேடயம், வலக்கையின் ஈட்டி சாய்ந்து இறங்குகிறது. எதிரே குதிரை முன்னங்கால் மடிந்து சரிந்துவிட்டது. அதன்மேல் இருப்பவன் திரும்பி, ஈட்டியைத் தடுப்பதுபோல ஒரு கையை உயர்த்துகிறான். சில அச்சுகளில் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான். சிலவற்றில் தரையில் உட்கார்ந்துவிட்டான். கீழே அவனது கேடயம் கிடக்கும். சிலவற்றில் தாடியும் கூம்புக் குல்லாயும் இருக்கும், சிலவற்றில் வெறுந்தலை. இந்த வேறுபாடுகளை வகைபிரிப்பதே சேகரிப்பாளர்களுக்குப் பெரும் பொழுதுபோக்கு.

குல்லாயும் குதிரையும் கிழக்கைச் சுட்டுகின்றன. கான்ஸ்டன்டியஸின் ஆட்சிக்காலம் முழுவதும் பாரசீக அரசர் இரண்டாம் ஷாபூருடன் போர் நடந்தது. எல்லைக் கோட்டையான நிசிபிஸ் மூன்று முறை முற்றுகையிடப்பட்டது. மூன்று முறையும் ஷாபூருக்குக் கிட்டவில்லை. சிங்காரா அருகே நடந்த இரவுப் போரில் இரு பக்கமும் அடிபட்டது. பாரசீகரின் பலம் கவசக் குதிரைப்படை. அவர்களது பாறைச் சிற்பங்களில் வெற்றி எப்போதும் குதிரைமேல்தான் அமர்ந்திருக்கும்: பிஷாபூரில் முதலாம் ஷாபூரின் குதிரைக் குளம்படியில் ஒரு ரோமப் பேரரசர் கிடக்கிறார், இன்னொருவர் முன்னால் மண்டியிடுகிறார். ரோமக் காசு அதே காட்சியைத் தலைகீழாகத் திருப்பியது. குதிரைமேல் இருப்பவன் விழுகிறான், தரையில் நிற்பவன் வெல்கிறான். பொறித்தவர்கள் அந்தப் பாறைகளைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. இரு நாட்டுப் படைகளும் ஒன்றையொன்று எதற்கு அஞ்சின என்பது தெரிந்திருந்தால் போதும்.

350: முறிவு

350 ஜனவரி 18 அன்று ஓட்டன் நகரில் மேக்னென்டியஸ் என்ற தளபதி தம்மைப் பேரரசராக அறிவித்துக்கொண்டார். தப்பியோடிய கான்ஸ்டன்ஸ் பிரனீஸ் மலையடிவாரத்தில், தம் பாட்டியின் பெயர் தாங்கிய ஹெலினா என்ற ஊரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். மார்ச்சில் டான்யூப் படை வெட்ரானியோ என்ற முதியவரைத் தலைவராக்கியது.

அடுத்த மூன்றாண்டுகள் படைகளோடு காசுகளும் மோதின. வெட்ரானியோவின் ஆட்சியில் சிஸ்கியா ‘இந்தக் குறியால் நீ வெல்வாய்’ என்று பொறித்தது; முதலாம் கான்ஸ்டன்டைன் வானத்தில் கண்டதாகச் சொல்லப்பட்ட காட்சியின் நினைவு அது. தாம் அந்தக் குடும்பத்தின் பக்கம் என்று காட்ட அதைவிட நேரடியான வழி இல்லை. அந்த ஆண்டு டிசம்பர் 25 அன்று அவர் முடியைக் கழற்றிக் கான்ஸ்டன்டியஸிடம் கொடுத்துவிட்டு ஓய்வுக்குப் போனார். மேக்னென்டியஸ் 351 செப்டம்பரில் முர்சா போரில் தோற்றார். 353-இல், முடிவு நெருங்கிய வேளையில், பெரிய வெண்கலக் காசு ஒன்றை வெளியிட்டார். பின்பக்கம் முழுவதையும் கிறிஸ்துவின் குறியே நிறைக்கிறது. இரு பக்கமும் கிரேக்க நெடுங்கணக்கின் முதல், கடைசி எழுத்துகளான ஆல்ஃபாவும் ஒமேகாவும். கொடியின் மூலையிலும் கேடயத்தின் மேலும் ஒட்டிக்கொண்டிருந்த குறி, முதன்முறையாகக் காசின் முழுப் பொருளாக வந்தது. அதை அடித்தவர் முறையான பேரரசர் அல்லர், அபகரித்தவர் என்பதுதான் வரலாற்றின் குறும்பு. அந்த ஆகஸ்டில் லியோனில் அவர் தற்கொலை செய்துகொண்டார்.

ஒற்றைப் படம்

இந்தக் கலவரத்தின் முடிவில் மிஞ்சியது கான்ஸ்டன்டியஸ் ஒருவரே. அவருடைய காசில் மிஞ்சியது குதிரைவீரன் ஒருவனே. கப்பலும் குடிசையும் கான்ஸ்டன்ஸின் சாதனைகளோடு ஒட்டியவை; அவர் போனபின் அவற்றை யாருக்காக அடிப்பது? ஃபீனிக்ஸ் வந்த சிறுகாசே நின்றுவிட்டது. பாரசீகப் போர் மட்டும் முடியவில்லை.

இன்னொரு காரணம் தொழில் சார்ந்தது என்று நினைக்கிறேன். கப்பல் படத்தில் சுக்கான், இறக்கை, கொடி, கொடியில் எழுத்து என்று எல்லாம் நுணுக்க வேலை. காசு சிறுத்தால் அத்தனையும் குழம்பிவிடும். குதிரைவீரன் படமோ இரண்டு சாய்வுக் கோடுகளில் நின்றுவிடும்: இறங்கும் ஈட்டி, சரியும் குதிரை. 22 மில்லிமீட்டரிலும் புரியும், 16 மில்லிமீட்டரிலும் புரியும். சிறுத்துக்கொண்டே போன காசுக்கு அது வாய்ப்பான படம். ஐந்து கிராமில் தொடங்கியது 350-களின் நடுவில் இரண்டரைக்கு இறங்கியது. பிறகு இன்னும் குறைந்தது. வெள்ளி மறைந்தது. வாசகம் மட்டும் மாறவே இல்லை. ஒவ்வொரு எடைக் குறைப்புக்குப் பிறகும் நற்காலம் மீண்டுகொண்டே இருந்தது.

முன்பக்கத்தில் தலைகள் மாறின. 351-இல் சீசராக, அதாவது துணைப் பேரரசராக, ஆக்கப்பட்ட காலஸ், மணிமுடி இல்லாத வெறுந்தலையோடு வருகிறார். 354-இல் அவருக்கு மரண தண்டனை. 355 முதல் ஜூலியன், அவரும் வெறுந்தலையோடு. பின்பக்கத்தில் அதே ஆள் அதே குதிரையிலிருந்து விழுகிறான்.

350-களின் நடுவில் வந்த இன்னொரு சட்டம், மயோரினா, சென்டெனியோனாலிஸ் என்று பெயர் சொல்லி, காசை வாங்கி விற்பதையும் ஊர்விட்டு ஊர் கடத்துவதையும் தடை செய்தது. காசு பொதுப் பயன்பாட்டுக்கானது, சரக்கு அல்ல என்பது அதன் வாதம். மேக்னென்டியஸின் காசுகள் இதையொட்டிச் செல்லாமல் போயின என்று கருதப்படுகிறது. விளைவு, பிரிட்டனிலும், இன்றைய பிரான்சை ஒட்டிய ‘கால்’ நாட்டிலும் சில்லறைப் பஞ்சம். மக்கள் தாங்களே அடித்துக்கொண்டார்கள். பழைய ‘படையின் புகழ்’ காசை எடுத்து அதன்மேலேயே குதிரைவீரனைப் பதித்தார்கள். அடியில் இருந்த இரு வீரர்களின் கால்கள் சில காசுகளில் இன்னும் தெரிகின்றன. எழுத்து வெறும் கோடுகளாயிற்று, குதிரை ஒரு வளைவு, ஈட்டி ஒரு கீறல். சில மிளகளவுக்கு இறங்கிவிட்டன. இங்கிலாந்தின் லிட்னி குன்றில், நோடென்ஸ் தெய்வத்தின் கோயிலில் கிடைத்த அத்தகைய நுண்காசுகளை, பின்னாளில் அரிக்கமேட்டைத் தோண்டிய மார்டிமர் வீலர் ரோம ஆட்சி ஒழிந்த ஐந்தாம் நூற்றாண்டின் இருண்ட காலத்தவை என்று கணித்தார். பிற்கால ஆய்வு அவற்றை நான்காம் நூற்றாண்டின் நடுவுக்கு நகர்த்தியது. காசின் கேவலமான உருவத்தைப் பார்த்து அரசே இல்லாத காலம் என்று அவர் முடிவுகட்டினார். அரசு இருந்தது, சில்லறைதான் இல்லை.

கள்ளக்காசு என்று இவற்றை எளிதாகத் தள்ளலாம். ஆனால் யாரையும் ஏமாற்ற முடியாத அளவுக்கு மோசமான கள்ளக்காசை யார் அடிப்பார்கள்? வாங்கியவருக்கும் கொடுத்தவருக்கும் உண்மை தெரிந்தே இருந்தது. அடையாளத்துக்கு ஒரு படம் தேவைப்பட்டது, அதற்கு எல்லோருக்கும் தெரிந்த படத்தை எடுத்துக்கொண்டார்கள். அரசாங்கத்தின் பாரசீகப் பெருமிதம் அங்கே ஒரு பொருட்டே அல்ல.

ரோமச் செப்புக்காசு எல்லைக்கு வெளியேயும் சில்லறையாக ஓடியது. தென்னிலங்கையில் நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுக் காசுகள் பெருவாரியாகக் கிடைத்திருக்கின்றன; அவற்றைப் பார்த்து அங்கேயே அடித்துக்கொண்டவையும் சேர்ந்தே கிடைக்கின்றன. கரூர் அமராவதி ஆற்றுப் படுகையிலும் மதுரையிலும் திருக்கோவிலூரிலும் கிடைத்த பிற்கால ரோமச் செப்புக்காசுகளை இரா. கிருஷ்ணமூர்த்தி தொகுத்து வெளியிட்டார். அகஸ்டஸ், திபேரியஸ் காலத்துப் பொன்னும் வெள்ளியும் மிளகுக்கு ஈடாக வந்தவை. அவற்றைப்பற்றி நிறையப் பேசுகிறோம். இந்தத் தேய்ந்த செப்புக்காசுகள் சந்தையில் கைமாறியவை. அவற்றுக்கு நம் பேச்சில் இடம் குறைவு.

வரிசையின் முடிவு

358-ஐ ஒட்டி ‘ஃபெல் டெம்ப் ரெபாராட்டியோ’ நிறுத்தப்பட்டது. மாற்றாக வந்த காசின் வாசகம் ‘குடியரசின் நம்பிக்கை’. பேரரசர் தனியாக நிற்கிறார், ஒரு கையில் உருண்டை, மறுகையில் ஈட்டி. எதிரி இல்லை, குதிரை இல்லை, கப்பல் இல்லை. எடை இரண்டு கிராம் அளவு. 359-இல் ஷாபூர் ரோமரின் கோட்டை நகரமான ஆமிடாவை 73 நாள் முற்றுகைக்குப் பின் பிடித்தார். உள்ளே இருந்த வரலாற்றாசிரியர் அம்மியானஸ் இரவோடிரவாகத் தப்பினார். ரோமக் காலாள் ஈட்டியால் குத்தும் படத்தை அதற்குப் பிறகு அடித்திருந்தால் அந்தியோக்கியாவின் அங்காடியில் சிரித்திருப்பார்கள். அந்த ஊர் காசைப் பார்த்துச் சிரிக்கக்கூடிய ஊர்தான்: சில ஆண்டுகள் கழித்து ஜூலியன் பேரரசராகிக் காளை பொறித்த பெரிய வெண்கலக் காசை வெளியிட்டபோது, அந்தக் காளையையே பிடித்துக்கொண்டு அவரைக் கேலி செய்தார்கள்.